தம்பி முந்திக்கொண்டான்

தும்மல் முதலில் தம்பிக்குத்தான் வந்தது.

காலையில் சாப்பாட்டு மேஜையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து அக்கா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவன் கையில் இருந்ததை வைத்துவிட்டு, வலது முழங்கையை மடக்கி மூக்கை அதற்குள் புதைத்து, சத்தத்தைத் தொண்டையிலேயே நெரித்து, பூனை தும்முவதுபோல ஒரு சின்னத் தும்மல் தும்மினான். அது அவளுடைய தும்மல். கூட்டங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் பழக்கப்படுத்திக்கொண்டது. தம்பி தன் பாட்டுக்குத் தும்மினால் பக்கத்து வீட்டில் கதவைத் திறந்து பார்ப்பார்கள். இப்போது அவன் அவளைப்போலத் தும்மியதில் ஆச்சரியம் இல்லை. அவள் என்ன செய்தாலும் உடனே அதையே செய்வதுதான் அவன் நோய். ஆனால் அவள் இன்னும் தும்மவே இல்லை.

அதை நினைத்து முடிப்பதற்குள் அவள் மூக்குக்குள் ஏதோ ஊர்ந்தது. முழங்கை மடங்கியது. அவள் தும்மினாள்.

தம்பி ரொட்டியைக் கையில் எடுத்தான். அவளும் எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஐந்து மாடிக்குக் கீழே பிளாஸ்டிக் வாளி நிரம்பி வழியும் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கீழ் வீட்டுக்காரர்களுக்கு மூளை என்ற உறுப்பு ஒரு அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

மூளையைப் பற்றி அப்படி நினைக்க அவளுக்கு உரிமை இருந்தது. படிப்பு முடிந்த கையோடு, அளந்த எடையை அளந்த உயரத்திலிருந்து எலிகளின் தலைமேல் விழவைத்து, அடிபட்ட மூளை எதை இழக்கிறது, எதை வைத்துக்கொள்கிறது என்று பார்ப்பதில் தொடங்கியது அவள் ஆராய்ச்சி. பிறகு மனிதர்களுக்கு வந்தாள். சாரத்திலிருந்து விழுந்தவர்கள், வண்டியோடு சறுக்கியவர்கள், குடித்துவிட்டுப் படியில் உருண்டவர்கள். எலிகளே மேல் என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும். எலிகள் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. அவள் அறைக்கு வரும் ஒவ்வொரு மனைவியும் ஒவ்வொரு அம்மாவும், 'பாக்க அவரேதான் டாக்டர், ஆனா அவர் இல்ல' என்று ஏதோ தாங்களே கண்டுபிடித்ததைப்போலச் சொல்லிவிட்டு அழுவார்கள். அவள் கைக்குட்டைப் பெட்டியை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பாள். நடுவில் அவளுக்குக் கல்யாணம் ஒன்று நடந்தது. ஒரு விடுமுறையில் அதையும் முடித்துக்கொண்டாள்.

தம்பி அவளைவிட நிறைய இளையவன். டயர் கடையில் வேலை பார்த்தான். நாலு பேர் கூடினால் போதும், பெரியப்பா எப்படி நடப்பார், மாமா போனில் எப்படி இருமுவார் என்று செய்துகாட்டிச் சிரிக்கவைப்பான். குரங்கு என்றுதான் அவள் அவனைக் கூப்பிடுவாள். போன வருடம் மழையில் வண்டியோடு விழுந்தான். தலைக்கவசம் வண்டியின் கைப்பிடியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்ததாம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளை இரண்டு பக்கமும் நசுங்கியது. பிழைத்தான். பேச்சு போனது. எதிரில் இருப்பவரை அப்படியே திருப்பிச் செய்வது மட்டும் மிஞ்சியது. அதுவும் எல்லோரையும் அல்ல, அவளை மட்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கண் திறந்தபோது அவள் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள். அவனும் இல்லாத கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். அந்த நொடியே அவனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவுசெய்தாள். அக்கா என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று உறவெல்லாம் உருகியது. இப்படிப்பட்ட ஒரு மூளை வாசலில் வந்து விழுந்தால் எந்த முட்டாள் வேண்டாமென்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்று ஆய்வுக்கூடத்தில் இருவர் மணிக்கட்டிலும் அசைவை அளக்கும் பட்டையைக் கட்டினார்கள். திரையில் அவளுடைய கோடு நீலம், தம்பியுடையது சிவப்பு. இத்தனை மாதமாக நீலம் எழும், சற்றுப் பொறுத்துச் சிவப்பு எழும். அந்த இடைவெளி வாரத்துக்கு வாரம் சுருங்கிவந்ததை வைத்தே அவள் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அன்று அவள் கையைத் தூக்கினாள், காதைத் தொட்டாள், விரல்களால் மேஜையைத் தட்டினாள். சிவப்பு முதலில் எழுந்தது. நீலம் பின்னால் போனது.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் தலையைச் சொறிந்தார். "பட்டைய மாத்திக் கட்டிட்டேன்போல மேடம்."

பதினைந்து வருடம் பட்டை கட்டுகிறவருக்கு யாருடையது எது என்று தெரியவில்லை என்றால் மாட்டுக்குக் கயிறு கட்டப் போகலாம் என்று அவள் சொன்னாள். அவர் கழற்றி, சரிபார்த்து, மறுபடி கட்டினார். மறுபடியும் சிவப்புதான் முன்னால்.

அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. தம்பி அவளை மனப்பாடம் செய்துவிட்டான். அவள் என்ன செய்யப்போகிறாள் என்பதை அவள் தோள்பட்டையின் துடிப்பிலிருந்தே படித்து முந்திக்கொள்கிறான். நசுங்கிய மூளை நல்ல மூளையை ஊகிக்கிறது. உலகத்தில் யாரும் இதைப் பார்த்ததில்லை. உடனே இயக்குநரிடம் போனாள். யார் எது சொன்னாலும் தலையாட்டுவதால் மனதுக்குள் அவருக்கு அவள் வைத்திருந்த பெயர் தலையாட்டி. தலையாட்டி தலையாட்டினார். வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிற நாளில் இதைச் செய்துகாட்டலாம் என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி வந்தாள். பக்கத்து ஊரில் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்து அவனுக்கு நகம் வெட்டி, தலை வாரிவிட்டுப் போவாள். அவன் எதற்கும் அசையமாட்டான். அவள் பாட்டுக்குக் கடையில் நடந்ததை எல்லாம் சுவரிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருப்பாள். பேசுகிறவளையும் கேட்கிறவனையும் பார்த்தால் யாருக்கு அடிபட்டது என்று சந்தேகம் வரும் என்பது அக்காவின் கருத்து.

அன்று அவள் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டாள். சோபாவில் தம்பியும், எதிர் நாற்காலியில் அக்காவும் கால்மேல் கால் போட்டு, ஒரே பக்கம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணி, இவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

ஆராய்ச்சி முடியட்டும் என்றாள் அக்கா.

"எனக்கு என்னமோ பாக்கவே நல்லா இல்ல அண்ணி. முன்னாடி அவரு உங்கள மாதிரி உக்காருவாரு. இப்ப நீங்க அவர மாதிரி உக்காந்திருக்கீங்க."

துணி மடிக்கிற வேலையை விட்டுவிட்டு மூளை ஆராய்ச்சிக்கு வந்துவிடேன் என்று அக்கா சிரித்தாள். ஆனால் கால்மேல் போட்ட காலைப் பார்த்தாள். அவள் எப்போதும் வலது காலை இடதின்மேல் போடுபவள். இப்போது இடது மேலே இருந்தது. டயர் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பானே, அப்படி.

தம்பி மனைவி போன பிறகு சாயங்காலம் முழுக்க வீடு அமைதியாக இருந்தது. குளிர்சாதனப் பெட்டி உறுமி அடங்கும்போதெல்லாம் அந்த அமைதி இன்னும் கெட்டியானது. ஜன்னல் திரையின் பூவேலைப்பாடு சுவரில் நிழலாக விழுந்து மெல்ல மெல்ல மேலேறியது. சோப்பும் மருந்தும் கலந்து எப்போதும் தம்பியிடம் வரும் வாடை இன்று தன் உள்ளங்கையிலும் அடிப்பதாக அவளுக்குத் தோன்றியது. சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதான். மற்றவர்கள் கோயிலுக்கோ ஜோசியரிடமோ ஓடுகிற இடத்தில் அவளுக்குச் சோதனை இருந்தது.

தம்பிக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்தினாள். எதையும் செய்வதில்லை என்று தீர்மானித்தாள். செய்யாததை அவன் எப்படி ஊகிப்பான்?

தம்பி தன் இடது கையை மெதுவாகத் தூக்கினான். விரல்களை விரித்தான். கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

அவள் தொடைக்கு அடியில் கை நெளிந்தது. மீன் நெளிவதுபோல. முழு உடம்பின் பாரத்தையும் அதன்மேல் போட்டாள். மணிக்கட்டில் வலி கிளம்பித் தோளுக்கு ஏறியது. கை பாரத்துக்கு அடியிலிருந்து தன்னைத்தானே உருவிக்கொண்டு வெளியே வந்து, மேலே எழுந்து, விரல்களை விரித்தது. கன்னத்தில் படிந்தது. உள்ளங்கை சில்லென்று இருந்தது. வேறு யாரோ கை வைப்பதுபோல இருந்தது.

தம்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்களில் கோபம் இல்லை, வன்மம் இல்லை. ஒன்றுமே இல்லை.

அவள் சட்டென்று நாற்காலியைத் திருப்பி அவனுக்கு முதுகைக் காட்டினாள். பொறுத்தாள். கை தன் கையாக மடியில் கிடந்தது. இடது, வலது என்று அசைத்துப் பார்த்தாள். சொன்னபடி கேட்டது. மூச்சு சீரானது. அவ்வளவுதான் விஷயம். கண்வழியாக வருகிறது. மாதக்கணக்கில் ஒரே ஆளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மூளையும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், களைப்பு வேறு. கொட்டாவி தொற்றுவதற்கு அலறுகிறவன் முட்டாள். அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்க்காமலே சாப்பாடு வைத்தாள். அவன் தூங்கிய பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வந்தது. அது தற்செயல் என்று வைத்துக்கொண்டாள்.

பெரிய மனிதர்கள் வந்த அன்று கூட்ட அறையில் தம்பியைத் தனக்குப் பின்னால், சுவரோரமாக உட்காரவைத்தாள். செய்துகாட்டும் நேரம் வரை அவனைப் பார்க்கத் தேவையில்லை. அதற்கு முன்னால், தலையாட்டியின் ஏற்பாட்டில், ஒரு அம்மா பேச எழுந்தாள். சாரத்திலிருந்து விழுந்த அவள் மகனை அக்கா பல வருடம் சோதித்திருந்தாள். அவன் சமீபத்தில் இறந்துபோயிருந்தான். அந்த அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே, மகனுக்குக் கடைசியில் தன் பெயர்கூட ஞாபகம் இல்லை என்றும், இந்த டாக்டரம்மா வருகிற நாள் மட்டும் எப்படியோ தெரிந்துவிடும் என்றும், சட்டை மாற்றிவிடச் சொல்லி அடம்பிடிப்பான் என்றும் சொன்னாள். அறையே கண்ணைத் துடைத்தது.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

மூக்கால் சிரிக்கும் குட்டைச் சிரிப்பு. சொந்தக்காரர்கள் அழுதுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு, தனி அறையில், அவள் மட்டும் சிரிக்கும் சிரிப்பு. அதை யாரும் கேட்டதில்லை. தம்பி எங்கே கேட்டான்?

அவள் உதடுகளை இறுக மூடினாள். பல்லைக் கடித்தாள். அவள் மூக்கிலிருந்து அதே சிரிப்பு வெடித்தது. எல்லோரும் திரும்பினார்கள். பின்னால் அவன் மறுபடி சிரித்தான். அவள் மறுபடி சிரித்தாள். வாயைப் பொத்திய கைக்குள் சிரிப்பு குமுறியது, கண்ணில் நீர் வழிந்தது, வயிறு வலித்தது, அவன் நிறுத்தவில்லை. அந்த அம்மா கோபப்படவில்லை. தலைப்பை விட்டுவிட்டு அவளையே பார்த்தாள். ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பொறுமையாகப் பார்த்தாள்.

தலையாட்டி அவளை வராந்தாவுக்குக் கூட்டிவந்தார். முதல்முறையாகத் தலையாட்டாமல் நின்றார். "கொஞ்ச நாள் வீட்ல இருங்க மேடம். தப்பா எடுத்துக்காதீங்க, உங்க தலைய ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமா?"

இவரிடம் அனுதாபம் வாங்குவதைவிட எலிக்கூண்டில் உட்காரலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். உள்ளே கூட்ட அறையில் தம்பி வாயை மூடிக்கொண்டானோ என்னவோ, அவளுக்கு வார்த்தை வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பியை அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு அவன் மனைவிக்குப் போன் செய்தாள். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, வந்து கூட்டிக்கொண்டு போ, இன்றைக்கே வா என்றாள். கண்வழியாக வந்தது, இப்போது காதுவழியாகவும் வருகிறது. இரண்டுக்கும் எட்டாத தூரத்துக்கு அவனை அனுப்பிவிட்டால் தீர்ந்தது. கட்டுரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூடிய கதவுக்குப் பின்னால் காலடிகள் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே நடந்தன. அவள் தலையணையால் காதை அடைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். அப்படியும் குதிகால் மெல்ல எழுந்து எழுந்து தரையைத் தட்டியது.

தம்பி மனைவி வேலை பாதியில் வந்தாள், கடைச் சீருடையோடு. பூட்டிய கதவைப் பார்த்தாள், சாவிக்குக் கை நீட்டினாள். அக்கா அதைக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அது கேட்டது.

"போலாமா?" என்றாள் மனைவி.

"போலாம்," என்றான் தம்பி.

விபத்துக்குப் பிறகு அவன் சொந்தமாகச் சொன்ன முதல் வார்த்தை. மனைவி விம்மியது கேட்டது. தொட்டிக்கு முன்னால் அக்காவின் உதடுகள் அதே வார்த்தையைச் சத்தமில்லாமல் சொல்லி மூடின. வாசல் கதவு சாத்தும்வரை அவள் திரும்பவில்லை.

பிறகு ஜன்னலில் நின்று, இருவரும் தெருமுனை திரும்பி மறைவதைப் பார்த்தாள். பொறுத்தாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள். அவளைத் தவிர வேறு யாரும் அதைச் செய்யவில்லை. நாக்கை நீட்டினாள். தன் பெயரை உரக்கச் சொன்னாள். சிரிப்பு வந்தது, அது அவளுடைய சிரிப்பு. டீ போட்டுக்கொண்டு சோபாவில், தம்பி உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தாள். ஒரு துணிக்கடைக்காரியின் பேச்சுக்கு மிரண்டோமே என்று நினைக்க வெட்கமாக இருந்தது. வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கீழே பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். டீயில் பாதி மிச்சம் இருக்கும்போது கோப்பையைக் கீழே வைத்தாள்.

வைக்க அவள் நினைக்கவில்லை.

எழுந்து நின்றாள். வலது கை தலைக்கு மேலே உயர்ந்து காற்றில் எதையோ பற்றிக்கொண்டது. முழங்கால்கள் லேசாகத் தளர்ந்தன. உடம்பு முன்னும் பின்னுமாக ஆடத் தொடங்கியது. ஆட்டத்தில் ஒரு தாளம் இருந்தது. சில சமயம் குலுங்கியது. திடீரென்று முழு உடம்பும் முன்னால் தள்ளப்பட்டு, கை இழுத்துப் பிடித்து, மறுபடி நேரானது.

பிரேக்.

பஸ்ஸில் அவனுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

தன் வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, இல்லாத கம்பியைப் பிடித்தபடி அவள் ஆடினாள். போன் படுக்கையறையில் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு காலை நகர்த்தப் பார்த்தாள். கால் கேட்கவில்லை. கத்தப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. பிறகு வாய் திறந்தது, ஆனால் கத்துவதற்கு இல்லை, கொட்டாவிக்கு. தூரம், கண், காது, தோள்பட்டையின் துடிப்பு என்று இருபது வருடப் படிப்பு மண்டைக்குள் இங்குமங்கும் ஓடியது. கூண்டில் எலி ஓடுவதுபோல. எடை விழும்வரை ஓடும்.

வெளிச்சம் குறைந்தது. கூடத்தில் நிழல் நிறைந்தது. கை மரத்துப்போனது. இறக்க முடியவில்லை.

ஆட்டம் நின்றது.

கை இறங்கியது. கால்கள் நடந்தன. சாப்பாட்டு மேஜை வயிற்றில் இடித்தது. கால்கள் நடந்துகொண்டே இருந்தன. மேஜை கிறீச்சிட்டு நகர்ந்து வழிவிட்டது. வலது பக்கம் திரும்பினாள். ஏதோ தெருமுனை. சுவரில் தோள் உரசித் தோல் வழன்றது. இடது பக்கம் திரும்பினாள். எதிரே பால்கனியின் கதவு, காற்றுக்காக அவளே திறந்துவைத்தது. கால்கள் நேராக அதற்குள் போயின.

காற்று முகத்தில் அடித்தது. ஐந்து மாடிக்குக் கீழே பந்து துள்ளியது. கீழ் வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்து, எப்போதும்போல் கையசைத்தாள். அவள் ஒருநாளும் பதிலுக்கு அசைத்ததில்லை. இப்போது அசைக்க வேண்டும். ஒரே ஒருமுறை. கை எழவில்லை.

வயிறு கம்பியில் முட்டி நின்றது. குறுக்குக் கம்பிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, இடுப்பு வரைக்கும்.

நின்றுவிட்டான். வீடு வந்துவிட்டது போல. நிம்மதியில் அவளுக்குக் கண் இருட்டியது.

அப்புறம் அந்த வீடு ஞாபகம் வந்தது. சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. போவதற்கு வெளிப்பக்கம் செங்குத்தாக ஓர் இரும்புப் படிக்கட்டு. கல்யாணமான புதிதில் தம்பியும் மனைவியும் ஒருமுறை அழைத்தார்கள். கீழே நின்று நிமிர்ந்து பார்த்து, கோழிக்கூண்டு என்று சொல்லிவிட்டு ஏறாமலே திரும்பிவிட்டாள்.

அவள் இரண்டு கைகளும் கம்பியை இறுகப் பிடித்தன.

வாய் திறந்தது. யாரிடமும் அவள் ஒருநாளும் பேசியிராத குரலில், அன்பாக, களைப்பாக, அது சொன்னது:

"நீ முன்னால போ. நான் மெதுவா ஏறி வரேன்."

வலது கால் எழுந்தது. கீழ்க் கம்பியில் பதிந்தது. இடது கால், அதற்கு மேல் கம்பியில்.